மணிக்கட்டு மாற்று மூட்டு: வரவும் செலவும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்து மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் நம்மை அழைத்து, மூட்டு நோய் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு பணித்தனர். நாம் மருத்துவர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடு எழுதும் எழுத்தர்; மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படிப்பு இல்லை. ஆயினும், தெலுங்கு எழுத்தும் ஆங்கிலமும் ஓரளவு தெரியும் என்பதனால், காலனியில் யாருக்கேனும் உடல் நலம் குன்றினால் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்வதும், மருத்துவர் எழுதிய தாளைப் படித்துச் சொல்வதும், செலவுப் படிவங்களை நிரப்பித் தருவதும் பல்லாண்டுகளாக நம் பொறுப்பில் வந்துவிட்டன. அவ்வகையில் கேட்டவற்றையும் தேடிப் படித்தவற்றையும் தங்கள் முன் வைக்கின்றோம்.

அண்மைக் காலத்தில் தாய்மார் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "முழங்கால் மூட்டை மாற்றி நடக்க வைக்கிறார்களே, வலிக்கின்ற மணிக்கட்டையும் அவ்வாறே மாற்றிவிடலாகாதா?" என்பதே அது. கேள்வி நியாயமானது. திருப்பதியில் வாழும் நாம், திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் பர்டு மருத்துவமனையின் வாயிலில், தாங்கி வந்தவர்கள் நடந்து செல்வதைக் கண்ணாரக் கண்டவர்கள். கண்டதனால் ஆசை எழுகின்றது. ஆசை எழுந்தவுடன் நகையை அடகு வைக்கவும் சில குடும்பங்கள் முற்படுகின்றன. அதற்கு முன்னர் அந்தக் கேள்விக்குரிய விடையை வரவும் செலவுமாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் மணிக்கட்டின் அமைப்பைக் காண்போம். முழங்கால், பெரும்பாலும் கதவின் கீலைப் போல மடங்கி நிமிர்வது. பெரிய எலும்புகள் இரண்டு சந்திக்கும் இடம். மணிக்கட்டோ, நான்கு நான்காக இரு வரிசையில் அடுக்கப்பெற்ற எட்டுச் சிற்றெலும்புகளின் கூட்டம். ஒவ்வொன்றும் புளியங்கொட்டைக்கும் பாக்குக்கும் இடைப்பட்ட அளவினதே. மேற்பக்கம் முன்கை எலும்புகள் இரண்டு. கீழ்ப்பக்கம் உள்ளங்கை எலும்புகள் ஐந்து. இவற்றையெல்லாம் நார்கள் கட்டிப் பிடித்துள்ளன. இருபதுக்கும் மேற்பட்ட தசைநாண்கள் இக்குறுகிய கணவாயைக் கடந்துதான் கைக்கும் விரல்களுக்கும் செல்கின்றன. கை மேலும் கீழும் சாய்கின்றது, இருபுறமும் திரும்புகின்றது, விரல்கள் பற்றும்போது அசையாமல் நின்று தாங்கவும் செய்கின்றது. அசைதலும் தாங்குதலும் ஆகிய இவ்விரு தொழில்களையும் ஒரே இடத்தில் செய்வதுதான் மணிக்கட்டின் பெருமை. அதுவே மருத்துவர்க்கு அது தரும் இடரும் ஆகும்.

நலமுள்ள மணிக்கட்டு கீழ்நோக்கி எழுபது எண்பது பாகையும், மேல்நோக்கி அறுபது எழுபது பாகையும் மடங்கும். அத்தனையும் அன்றாடம் வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. 1984-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, பெரும்பான்மையான அன்றாட வேலைகளுக்குக் கீழ்நோக்கிப் பத்துப் பாகையும் மேல்நோக்கி முப்பத்தைந்து பாகையும் போதும் என்று கண்டது. 1991-இல் வந்த பிறிதோர் ஆய்வு, பெரும்பாலான வேலைகளைச் செய்ய இருபுறமும் நாற்பது பாகை வேண்டும் என்றது. இவ்வெண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் பயன்படும்.

இனி நோய்க்கு வருவோம். மூட்டு வலி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது பல நோய்களை. முதுமையில் தேய்வது ஒன்று. பழைய எலும்பு முறிவு சரியாகக் கூடாமையால் வருவது ஒன்று. பணிமனைகளில் கை ஊன்றி விழுந்து, "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தடவி விட்டுவிட்டவர்க்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் மணிக்கட்டு வலி இவ்வகையினது. மூன்றாவது, முடக்குவாதம். இதில் உடலைக் காக்க வேண்டிய காவற்படையே மூட்டின் உட்சவ்வைப் பகையென்று மயங்கித் தாக்குகின்றது. சவ்வு தடித்து வீங்கி, குருத்தெலும்பை அரித்து, நார்களைத் தளர்த்தி, சிற்றெலும்புகளை இடம் பெயரச் செய்கின்றது. நூறு பேரில் ஒருவர்க்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வரும் இந்நோய், ஆடவரினும் பெண்டிரை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. கை மூட்டுகளும் மணிக்கட்டும் இதற்கு விருப்பமான இடங்கள். இரு கையையும் ஒருங்கே பிடிப்பதும், காலையில் எழுந்தவுடன் ஒரு மணி நேரத்திற்கு மேல் கை விறைத்திருப்பதும் இதன் அடையாளங்கள்.

தாய்மார்களே, விடியற்காலையில் பால் பாத்திரத்தின் மூடியைத் திறக்க இயலாமல் பிள்ளையை எழுப்பும் நிலை ஆறு வாரங்கள் தொடர்ந்தால், அதைக் குளிர்காற்றின் மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள்.

இவ்வாறு அழிந்த மூட்டை மாற்றும் எண்ணம் புதியதன்று. 1890-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் தெமிஸ்தொக்லஸ் குளுக் என்பார், யானைத் தந்தத்தில் மூட்டுகளைக் கடைந்து, காசநோயால் அழிந்த மூட்டுகளின் இடத்தில் பொருத்தினார். அவற்றுள் மணிக்கட்டும் உண்டு. ஆனால் காசக்கிருமி குடியிருந்த எலும்பில் அயற்பொருள் நிலைக்கவில்லை, சீழ் வைத்தது, முயற்சி நின்றது. பின்னர் 1962-இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, உலோகமும் நெகிழியும் இணைந்த இடுப்பு மூட்டை வெற்றியாக்கிக் காட்டினார். இடுப்பில் வென்றது முழங்காலிலும் வென்றது. பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த கணக்கின்படி, மாற்றப்பெற்ற முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு எண்பத்திரண்டு, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் மறு அறுவையின்றி உழைக்கின்றன. நாம் பர்டு மருத்துவமனை வாயிலில் காண்பது இவ்வெற்றியின் ஒரு பகுதியே.

மணிக்கட்டின் கதை அவ்வளவு நேராகச் செல்லவில்லை. 1967 முதல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் ஸ்வான்சன், வளையும் சிலிக்கோன் துண்டு ஒன்றை மணிக்கட்டில் வைத்தார். தொடக்கத்தில் வலி தீர்ந்தது, கையும் அசைந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பலவற்றில் சிலிக்கோன் முறிந்தது. அதன் துகள்களால் சுற்றியிருந்த எலும்பு புண்பட்டது. 1970-களில் சுவிட்சர்லாந்தின் மொய்லி, அமெரிக்காவின் வோல்ஸ் முதலியோர், உலோகத்தையும் நெகிழியையும் எலும்புச் சிமெண்டால் பதித்தனர். மேற்பகுதி நின்றது, உள்ளங்கைப் பக்கம் பதித்த தண்டு தளர்ந்தது. சிலர்க்குக் கை ஒருபுறமாகச் சாய்ந்தது. 1990-களில் சிமெண்டை நம்பாமல், சிற்றெலும்புகளில் திருகாணி கொண்டு பற்றும் மூட்டுகள் வந்தன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றைப் பெற்ற முடக்குவாத நோயாளிகளை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2011-இல் முடிவு வெளியிட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உள்ளங்கைப் பக்கத்துப் பகுதி தளர்ந்து, மறு அறுவை செய்ய நேர்ந்திருந்தது. அம்மூட்டைத் திருத்தி அமைத்த அடுத்த வடிவம் மேலாக உழைத்தது. 2017-இல் ஒரு மருத்துவக் குழு தெரிவித்த கணக்கில், பதினைந்து ஆண்டு முடிவிலும் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவை நிலைத்திருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. எனவே முன்னேற்றம் இல்லையென்று சொல்லோம். முழங்காலுக்கு நிகரான உறுதி இன்னும் கைகூடவில்லை என்பதே நாம் சொல்லக்கூடியது.

தளர்வது ஏன் என்பதை இரயில்வே குடும்பங்களுக்கு எளிதில் விளக்கலாம். தண்டவாளம் எவ்வளவு நல்ல எஃகாயினும், அடியிலுள்ள சரளைக்கல் இறுகி நிற்காவிடில் பாதை நிலைக்காது. வண்டி ஓடுந்தோறும் சிறிது சிறிதாக அசைந்து ஒருநாள் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை வைக்க நேரும். முழங்காலில் செயற்கை மூட்டைத் தாங்குவது தடித்த எலும்பு. மணிக்கட்டில் தாங்குவதோ பாக்களவுச் சிற்றெலும்புகள். அவையும் முடக்குவாதத்தால் அரிக்கப்பட்டு, மருந்துகளாலும் முதுமையாலும் மென்மையடைந்தவை. கையால் தூக்கும் ஒவ்வொரு சுமையும், முறுக்கும் ஒவ்வொரு துணியும் அந்தச் சரளையை அசைத்துப் பார்க்கின்றது.

இனி, கணக்கேட்டின் இரு பக்கங்களையும் எழுதுவோம்.

வரவுப் பக்கத்தில் முதலாவது, வலி தணிவது. தக்க நோயாளியைத் தேர்ந்து, பயின்ற கை செய்த அறுவையில் பெரும்பாலோர்க்கு வலி நன்கு குறைகின்றது. இரண்டாவது, ஓரளவு அசைவு எஞ்சுவது. மூன்றாவது, சட்டைப் பித்தானிடுதல், உடலைத் தூய்மை செய்தல் போன்ற நுண்ணிய வேலைகளில் எளிமை. 2003-இல் மூட்டு மாற்றியவரையும் மூட்டை அசையாமல் பிணைத்தவரையும் ஒப்பிட்ட ஆய்வொன்றில், மொத்தப் பயனில் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. ஆயினும் இத்தகைய நுண்ணிய வேலைகளில் மாற்றியவர் பக்கம் சற்றே சாய்வு தெரிந்தது.

செலவுப் பக்கம் நீண்டது. தளர்ச்சியை முன்னரே சொன்னோம். அடுத்தது கிருமித் தொற்று. முடக்குவாத மருந்துகள் உடலின் எதிர்ப்பாற்றலைத் தாழ்த்துவதால் இவ்வச்சம் சற்று மிகுதி. செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் மாத்திரையால் மட்டும் தீராது. பல வேளைகளில் மூட்டையே எடுக்க வேண்டிவரும். மூன்றாவது, பொருத்திய பகுதிகள் இடம் விலகுவது. நார்கள் மிகத் தளர்ந்த கைகளில் இது நேர்கின்றது. நான்காவது, நெகிழி தேய்ந்து எழும் நுண்துகளால் எலும்பு கரைவது. இது நோயாளிக்குத் தெரியாமலே நடக்கும். கதிர்ப்படத்தில் மட்டுமே தென்படும். ஆதலால் வலி இல்லை என்று ஆண்டுதோறும் செய்யும் சோதனையைத் தவிர்த்தல் ஆகாது. ஐந்தாவது, தசைநாண் அறுதலும் நரம்பு அழுந்துதலும். ஆறாவது, கை இறுகி, எதிர்பார்த்த அசைவு கிட்டாமற் போவது.

இங்குதான் முன்னர்ச் சொன்ன பாகைக் கணக்கு பயன்படுகின்றது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் கவாலியேர், சங் ஆகிய இருவர், முடக்குவாத மணிக்கட்டுகளைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2008-இல் ஒப்பிட்டனர். மூட்டு மாற்றிய 503 அறுவைகளும், மூட்டைப் பிணைத்த 860 அறுவைகளும் அக்கணக்கில் இடம்பெற்றன. அசைவை அளந்து சொன்ன பதினான்கு ஆய்வுகளுள் மூன்றே மூன்றில்தான் அன்றாட வேலைக்குப் போதுமான அசைவு சராசரியாகக் கிட்டியிருந்தது. இடையூறுகளும் மறு அறுவைகளும் மாற்றியவரிடையே மிகுதி. பிணைத்தவரின் பயன், மாற்றியவரின் பயனுக்கு நிகர், ஒருகால் அதனினும் மேல், என்று அவர்கள் முடிவு கூறினர். அசைவுக்காக அறுவை செய்துகொண்டு அசைவே போதுமான அளவு கிட்டாவிடில், செய்த செலவுக்கு வரவு எங்கே?

செலவுப் பக்கத்தின் கடைசி வரியையும் சொல்லிவிடுகின்றோம். மாற்றிய மூட்டு தோற்றால், அதை எடுத்துவிட்டுப் பிணைப்பதே பெரும்பாலும் எஞ்சும் வழி. ஆனால் அப்போது எலும்பு குறைந்திருக்கும். இடுப்பெலும்பிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டியிருக்கும். முதலிலேயே பிணைப்பதைவிட அது கடினம்.

மூட்டைப் பிணைத்தல் என்றதும் பலர் முகம் வாடுகின்றது. "கை மரக்கட்டையாகிவிடுமே" என்கின்றனர். அன்று. மணிக்கட்டு மட்டுமே நிலைத்து நிற்கும். விரல்கள் மடங்கும், முன்கை திரும்பும், முழங்கை இயங்கும். உலோகத் தகடோ கம்பியோ வைத்து எலும்புகள் ஒன்றாக வளர விடுகின்றனர். சுவீடன் நாட்டு மானர்ஃபெல்ட் என்பார், முடக்குவாதக் கைகளுக்கென்றே ஒரு கம்பியைக் கொண்டு பிணைக்கும் முறையை 1971-இல் வெளியிட்டார். அசையும்போதெல்லாம் வலித்த மூட்டு அசைவை இழந்தவுடன் வலியையும் இழக்கின்றது. வலி தீர்ந்த கை இறுகப் பற்றுகின்றது, குடத்தைத் தூக்குகின்றது. அதற்கும் குறைகள் உண்டு. எலும்பு கூடாமற் போகலாம். தகடு உறுத்தினால் எடுக்க நேரலாம். போன அசைவு திரும்பாது. ஆனால் ஒருமுறை நன்றாகக் கூடிவிட்டால், அது தேய்வதுமில்லை, தளர்வதுமில்லை.

நோய் மணிக்கட்டின் ஒரு பகுதியில் மட்டும் இருந்தால் அப்பகுதியை மட்டும் பிணைப்பதும், தடித்த சவ்வை அகற்றுவதும், வலியைச் சுமக்கும் நரம்பிழையைத் துண்டிப்பதும் உண்டு. அவற்றையெல்லாம் மருத்துவர் கதிர்ப்படம் பார்த்துச் சொல்வார்.

எந்த வழியை எவர்க்குத் தேர்வது? நம் நாட்டு வாழ்க்கையை நினைத்துத்தான் விடை காண வேண்டும். மாற்று மூட்டுப் பெற்றவர் நாலைந்து கிலோவுக்கு மேற்பட்டதை அடிக்கடி தூக்கலாகாது என்றும், உள்ளங்கையை ஊன்றி உடற்பாரத்தை அதன்மேல் செலுத்தலாகாது என்றும் மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். நம் வீடுகளில் தரையில் அமர்ந்து எழுபவர் எத்தனை பேர்! எழும்போது ஊன்றுவது எதை? கையைத்தானே? முழங்காலும் கெட்டு ஊன்றுகோல் பிடிப்பவர்க்கு மணிக்கட்டே கால் ஆகிவிடுகின்றது. அத்தகையோர்க்கு மாற்று மூட்டு ஏற்றதன்று. பணிமனையில் சுத்தியல் பிடிக்கும் இளைஞர்க்கும் ஏற்றதன்று. பழைய முறிவால் மணிக்கட்டுக் கெட்ட அவர்க்குப் பிணைப்பே உழைப்புக்குத் துணை.

மறுபுறம், நம் வாழ்க்கையில் மணிக்கட்டு வளைய வேண்டிய வேலைகளும் உண்டு. வலக்கையால் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு செல்லக் கை சற்று உள்நோக்கி வளைய வேண்டும். இடக்கையால் தூய்மை செய்துகொள்ளவும் அவ்வாறே. தலை பின்னுதல், இரு கை குவித்து வணங்குதல் எல்லாம் அப்படியே. ஒரு கை பிணைக்கப்பட்டால் மற்றொரு கை ஈடு செய்யும். இரு மணிக்கட்டும் கெட்ட முடக்குவாத நோயாளிக்கு இரண்டையும் ஒரே கோணத்தில் பிணைத்துவிட்டால் அன்றாட வாழ்வு இடர்ப்படும். ஆதலால் ஒன்றைச் சற்று மேல்நோக்கியும் மற்றொன்றை நேராகவோ சற்றுக் கீழ்நோக்கியோ பிணைப்பதுண்டு. அல்லது ஒன்றைப் பிணைத்து மற்றொன்றை மாற்றுவதுண்டு. முதியவர், பளுவான வேலை இல்லாதவர், இரு கையும் கெட்டவர், எலும்பு ஓரளவு உறுதியுள்ளவர், தசைநாண்கள் அறாதவர், இத்தகைய முடக்குவாத நோயாளிக்கே மாற்று மூட்டு உண்மையான வரம். எனவே "மாற்றலாமா?" என்று கேட்பதற்கு முன், "இந்தக் கை இனி என்ன வேலை செய்ய வேண்டும்?" என்று கேட்க வேண்டும். விடை அதிலிருந்துதான் பிறக்கும்.

இக்கேள்வியைக் கேட்கக் கற்றுத் தந்த ஊர் நமக்கு மிக அண்மையில் உள்ளது. சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் வட ஆற்காட்டிலிருந்து பிரித்துத் தனியே அமைக்கப்பெற்றது. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டம் ஆயிற்று. எல்லைகள் எத்தனை மாறினும், நோயாளியை அழைத்துக்கொண்டு சந்திரகிரி, பாகாலா, சித்தூர் வழியே காட்பாடிக்குச் செல்லும் இருப்புப்பாதை மாறவில்லை. அப்பாதையின் முடிவில் உள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்து சேர்ந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளைப் பார்த்து, இவை அழுகிய கைகள் அல்ல, நரம்பு செயலற்றுப் போன கைகளே என்று உணர்ந்து, நலமுள்ள தசைநாணை எடுத்து இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தியவர் அவர். அதனோடு அமையாமல், நிமிர்ந்த கை உழைத்து உண்ண வேண்டும் என்று, நோயாளிகளுக்குத் தச்சு வேலை முதலியன பயிற்றும் நிலையமும் கண்டார். அவரிடம் கை அறுவை பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பிறர் கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். அவர்கள் கண்டது தொழுநோயின் கை; நாம் பேசுவது வாதத்தின் கை. ஆயினும் கையின் பயனை அதன் உழைப்பைக் கொண்டு அளக்கும் நெறி இரண்டுக்கும் ஒன்றே. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் 1970-களில் கைக்கென்றே தனித்துறை வளர்ந்தது. ஆகவே மணிக்கட்டு அறுவை என்று பேச்செழுந்தால், கை அறுவையில் தனியே பயின்ற மருத்துவரை ஒருமுறை கண்டு வருவது நமக்கு எட்டாத செயலன்று.

எல்லாவற்றினும் மேலான செய்தியை இறுதியில் வைத்துள்ளோம். முடக்குவாதத்தில் மணிக்கட்டு அழியுமுன் நோயை அடக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அவற்றுள் முதன்மையானது மெத்தோட்ரெக்ஸேட். அதன் வரலாற்றில் நாம் வாழும் இவ்வாந்திர மண்ணின் மைந்தர் ஒருவர் நிற்கின்றார். 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ரிக்குலேஷனை மூன்றாம் முறை எழுதித் தேறியவர். (நம் இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்க!) சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்றார். லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் ஃபோலிக் அமிலத்தையும் அதற்கு எதிரான மருந்துகளையும் உருவாக்கினர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கென 1940-களின் இறுதியில் வந்த அம்மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததே மெத்தோட்ரெக்ஸேட். சுப்பாராவ் 1948-இல் காலமானார். பின்னர் அம்மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று கண்டனர். 1988-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. இத்தகைய மருந்துகளைக் காலத்தில் தொடங்கும் பழக்கம் பரவிய பின், மேலை நாடுகளில் முடக்குவாதக் கைகளுக்குச் செய்யும் அறுவைகளே குறைந்து வந்துள்ளன. சிறந்த மணிக்கட்டு அறுவை, தேவைப்படாமற் போன அறுவைதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டிய மருந்து. நாள்தோறும் உண்டால் அது நஞ்சு, உயிரையும் கொள்ளும். மருந்துச் சீட்டை வீட்டில் படித்துச் சொல்பவர் இதை மறத்தலாகாது. எந்தக் கிழமையில் உண்பது என்று மருத்துவரிடம் கேட்டு, அக்கிழமையைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். இரத்தச் சோதனையை உரிய காலத்தில் செய்துகொள்ளுங்கள். கருவுறக் கூடிய பெண்கள் இதை மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் வாதப்பொடியை நம்பவேண்டா. அதில் என்ன கலந்துள்ளது என்று யாரும் அறியார்.

இன்னோர் அடையாளத்தையும் சொல்லுகின்றோம். முடக்குவாதம் உள்ளவர்க்குச் சுண்டுவிரலோ மோதிரவிரலோ திடீரென நிமிராமற் போனால், மணிக்கட்டின் புறத்தே துருத்திய எலும்பில் உரசித் தசைநாண் அறுந்திருக்கலாம். வலி இல்லையே என்று காத்திருந்தால் அடுத்த விரலின் நாணும் அறும். அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

அறுவைக்கு உடன்படும் முன் ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இந்த வலிக்குக் காரணம் எந்த நோய்? மருந்தும் தாங்குபட்டையும் முழு அளவில் முயன்றாயிற்றா? எங்கள் வீட்டு வேலைக்குப் பிணைப்பு ஏற்றதா, மாற்று ஏற்றதா? இவ்வறுவையைத் தாங்கள் எத்தனை கைகளுக்குச் செய்துள்ளீர்கள்? மூட்டுத் தோற்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினவார், மகிழ்வார்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நாம் பிறந்த ஊரைவிட்டு வந்து இங்கே வாழ்பவர்கள். உடன்பிறந்தார் அருகில் இல்லாத வீடுகளில், கை முடங்கிய தாய்க்கு அண்டை வீட்டாரே உறவு. காலையில் கை விறைக்கும் நோயுள்ளவர் யார் யார் என்று மாதர் பிரிவினர் வீடு வீடாகக் கேட்டு அறிந்து, மூவர் நால்வராகச் சேர்த்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் ஏற்பாட்டை இவ்வாண்டே தொடங்கலாம். மொழி தெரியாமையால் தயங்குவோர்க்குத் துணை வர நாம் ஆயத்தமாக இருக்கின்றோம். கோலமிடுவதும், மாவு பிசைவதும், பிள்ளையின் தலையைக் கோதுவதும், வந்தவரைக் கும்பிடுவதும் ஆகிய இத்தனையும் மணிக்கட்டின் கொடை. அக்கொடை நம் காலனியில் ஒரு வீட்டிலும் வீணாகாதிருக்கட்டும்.